பச்சைக் காய்கறி தின்று வளர்ந்த பிள்ளைகளின் பல்

காயும் பழமும் பச்சையாகவே சாப்பிடுகிறவனுக்குப் பல் துலக்கும் வேலையே இல்லை என்று சிலர் சொல்லுவாங்க. அது எந்த அளவுக்கு நிஜம்? ஆஸ்திரேலியாவில் நடந்த சங்கதி ஒண்ணு சொல்றேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பவ்ரல் என்று ஒரு ஊர். லெஸ்லி பெய்லி என்ற வியாபாரி, 1940-களில் அங்கே ஹோப்வுட் இல்லத்தில் 80-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சின்ன வயசிலிருந்தே வளர்த்தார். பெரும்பாலும் பச்சைக் காய்கறி, பழம், கொட்டை, பால், தவிடு நீக்காத மாவு ரொட்டி, மாமிசம் கிடையாது. வெள்ளைச் சர்க்கரை, மைதா இரண்டும் உள்ளேயே வராது.

பல் வைத்தியர்கள் பல வருஷம் இவர்களைச் சோதித்தார்கள். 13 வயதில் நூற்றுக்கு 53 பேருக்குச் சொத்தையே இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளிலோ ஆயிரத்துக்கு நாலு பேர்தான் அப்படி! ஆனால் ஹோப்வுட் பிள்ளைகள் சரியாகப் பல் துலக்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஈறு வீங்கியிருந்தது. கேரட்டைக் கடித்தால் ஈறு சுத்தமாகிவிடாதுங்க.

வளர்ந்து இல்லத்தை விட்டு வெளியே போய், ஊரார் சாப்பாட்டுக்கு மாறினதும், இவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சொத்தை விழுந்தது. பல்லைக் காத்தது பச்சைக் காய் என்பதைவிட, சர்க்கரை இல்லாததுதான் என்பது என் அபிப்பிராயம்.

பச்சைச் சாப்பாட்டுக்காரர்களும் காலை, இரவு துலக்கத்தான் வேண்டும். எலுமிச்சை, அன்னாசி மாதிரி புளிப்பு சாப்பிட்டவுடன் மட்டும் துலக்காதீங்க. வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குங்க.