சருகுமான் வந்த வழி

எங்கள் வீட்டின் முதல் காடி ஒரு வெள்ளைக் கஞ்சில். 1999இல், நாலு வருடம் யாரோ ஓட்டி முடித்த பிறகு அப்பா கைக்கு வந்தது. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்து, தாமானில் மலிவுவிலை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் ஒரே ஹொண்டா மோட்டாரில் நாலு பேர் போவோம். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவோம். ஆகவே காடி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேகம் இல்லை, நனையாமல் வீடு சேர்வதுதான்.

பாட்டி காடியை ஒருமுறை சுற்றி வந்தார். குங்குமம் வைத்தார். "யாருப்பா செஞ்சது?" என்று கேட்டார்.

"நம்ம நாட்டுக் காடிம்மா. மகாதீர் செஞ்சது" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து பக்கத்து வரிசை போமன் போனட்டைத் திறந்து, "எஞ்சின் டைஹாட்சுண்ணே. சப்பான் சாமான். அடிச்சிக்க முடியாது" என்றார். கதவின் மேல் இருந்த கையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். மூன்று வாரத்துக்கு அவர் அந்தக் காடியில் ஏறவில்லை.

பாட்டியின் அண்ணன் 1943இல் சயாமுக்குப் போனவர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஜப்பானியர்கள் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதையில் எந்த இடத்தில் அவர் விழுந்தார் என்பதைச் சொல்லத் திரும்பி வந்தவர் எவரும் இல்லை. பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. அவரைப் பொறுத்தவரை சப்பான்காரன் வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பவன் இல்லை.

டைஹாட்சு என்ற பெயரைப் பல வருடம் கழித்துத் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு நடுக்கம் வந்தது. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் கோத்தா பாருவில் ஜப்பானியப் படைகள் இறங்கிய படகுகளில் ஒரு வகைக்கும் டைஹாட்சு என்றுதான் பெயர். பாட்டியின் கைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இரண்டும் வேறு வேறு. படகின் பெயர் 'பெரிய மோட்டார் படகு' என்பதன் சுருக்கம். கார் நிறுவனத்தின் பெயரோ ஊரிலிருந்து வந்தது. ஒசாகா என்ற பெயரின் முதல் எழுத்தை இன்னொரு விதமாக 'டை' என்று படிக்கலாம். 'ஹாட்சு' என்பது ஹாட்சுடோகி, அதாவது இயந்திரம் என்ற சொல்லின் முதல் பாதி. ஒசாகா இயந்திரம், அவ்வளவுதான். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே இரண்டு எழுத்துகள். இதைப் பாட்டியிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்றால், கேட்டிருக்க மாட்டார்.

அந்த நிறுவனம் தொடங்கியது 1907 மார்ச்சில். அப்போது அதற்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை. ஒசாகாவின் உயர் தொழில்நுட்பப் பள்ளி ஆசிரியர்களும் அந்த ஊர்த் தொழிலதிபர்களும் சேர்ந்து, இறக்குமதி இயந்திரங்களுக்குப் பதிலாக உள்நாட்டிலேயே செய்வோம் என்று ஆரம்பித்தது. முதலில் செய்தது ஆறு குதிரைத்திறன் கொண்ட ஒரு எரிவாயு இயந்திரம். சக்கரம் வைத்த வண்டிக்கு வர 1930 ஆனது. அதுவும் மூன்று சக்கரம். ஒசாகா வியாபாரிகளின் ஊர். மூட்டை ஏற்ற வேண்டும், சந்துக்குள் நுழைய வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். பெரிய கனவுகளை டோயோட்டாவும் நிசானும் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் இந்த நிறுவனம் சந்துகளைப் பார்த்துக்கொண்டது. டைஹாட்சு என்பதையே கம்பெனியின் பெயராக வைத்துக்கொண்டது 1951இல்.

1957இல் வந்த மிட்ஜெட்தான் அந்தப் புத்தியின் உச்சம் என்பேன். ஒரே சிலிண்டர், 250 சிசி, மூன்று சக்கரம், மோட்டார் சைக்கிள்போல ஹேண்டில்பார். மீன் கடைக்காரரும் அரிசிக் கடைக்காரரும் சைக்கிளை விட்டுவிட்டு அதில் ஏறினார்கள். தாய்லாந்துக்குப் போன மிட்ஜெட்டுகள்தான் அங்கே துக்துக்கின் மூதாதை. பேங்காக்கில் துக்துக் பக்கத்தில் நின்று படம் எடுக்காத மலேசியத் தமிழர் உண்டா? நாம் படம் எடுத்துக்கொண்டது ஒசாகா மூட்டை வண்டியின் பேரப்பிள்ளையோடு.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கதை முழுவதும் அதன் மேல்தான் ஓடுகிறது. போருக்குப் பிறகு, 1949இல், ஜப்பான் 'கெய்' என்றொரு வாகன வகையை உண்டாக்கியது. கெய் என்றால் இலகு. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு சிசிக்குள் செய்தால் வரி குறைவு, காப்புறுதி குறைவு. ஏழையும் ஒரு வண்டி வாங்கட்டும் என்ற கணக்கு. எல்லை 1955இல் 360 சிசியாக இருந்தது. 1976இல் 550 ஆனது. 1990இல் 660. அகலம் அப்போது 1.4 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. 1.4 மீட்டருக்குள் நாலு பேரை உட்கார வைப்பது எப்படி என்பதுதான் டைஹாட்சு பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு. 1980இல் வந்த மிரா அதற்கு அவர்கள் கண்ட விடைகளில் ஒன்று.

இதற்கிடையே 1977இல் சரேட் வந்தது. ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவான மூன்று சிலிண்டர் எஞ்சின். எண்ணெய் நெருக்கடி உலகத்தை உலுக்கியிருந்த காலம் என்பதால், குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு மரியாதை இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விடுகதை விளையாட்டு என்றும் பொருள், பொய்யான பாவனை என்றும் பொருள். யார் வைத்த பெயரோ. பின்னால் இது ஞாபகத்துக்கு வரும்.

1992இல் மலேசியாவில் பெரோடுவா உருவானது. 'இரண்டாவது கார் நிறுவனம்' என்பதன் மலாய்ச் சுருக்கம் அது. தன் பெயரிலேயே தன்னை இரண்டாவது என்று சொல்லிக்கொண்ட நிறுவனம் உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. முதலாவதான புரோட்டோன் மிட்சுபிஷியின் கையைப் பிடித்து நடந்ததுபோல, இது டைஹாட்சுவின் கையைப் பிடித்தது. 1990ஆம் ஆண்டின் மிரா கொஞ்சம் மாற்றப்பட்டு, 1994 ஆகஸ்டில் கஞ்சில் என்ற பெயரோடு வந்தது. சிலாங்கூரில், ரவாங் பக்கம் சுங்கை சோவில் தொழிற்சாலை. 659 சிசி, மூன்று சிலிண்டர். அந்த எண்ணைக் கவனியுங்கள். ஜப்பானிய வரிச் சட்டம் 660இல் கோடு போட்டிருந்ததால் 659. அந்தச் சட்டத்துக்கு மலேசியாவில் எந்த வேலையும் இல்லை. ஆனால் கேமரன் மலைக்கு ஏறும்போது ஏர்கோனை அணைத்துவிட்டு, பின்னால் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தன.

கஞ்சில் என்றால் சருகுமான். பள்ளிப் புத்தகத்தில் சாங் கஞ்சில் கதை படிக்காதவர்கள் நம்மில் இல்லை. ராஜா விருந்து கொடுக்கிறார், உங்களை எண்ணச் சொல்லியிருக்கிறார் என்று முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கால் வைத்து ஆற்றைக் கடந்துவிடும். உடம்பு சின்னது, ஏமாற்றத் தெரியும். ஒரு காருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அந்த 'ஏமாற்றத் தெரியும்' கொஞ்சம் உறுத்துகிறது.

அந்தக் காடியைப் பற்றி அதை ஓட்டியவர்கள் சொன்னதை எல்லாம் சேர்த்தால் ஒரு நாட்டார் இலக்கியமே தேறும். "மைலோ டின்" என்பார்கள். விரலால் தட்டி ஓசையைக் காட்டுவார்கள். லோரி பக்கத்தில் போனால் காற்றில் ஒதுங்கும் என்பார்கள். அதே ஆட்கள்தான் பத்து வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றி எவ்வளவு தூரம் போனார்கள் என்று சத்தியம் செய்வார்கள். பாசார் மாலாமில் வேறு எவனுக்கும் கிடைக்காத இடுக்கில் நிறுத்தியதைப் பெருமையாகச் சொல்வார்கள். சாமான் மலிவு, எந்தப் போமனும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான். 1000 சிசிக்கு உட்பட்ட காடிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். திட்டும் பாராட்டும் ஒரே வாயிலிருந்து வரும். திட்டிக்கொண்டே அடுத்ததையும் அதே கம்பெனியில் வாங்குவார்கள். கெனாரி, கெலிசா, வீவா, மைவி. 2006இல் 'இரண்டாவது' நிறுவனம் விற்பனையில் முதலாவதை முந்தியது.

அப்பா திட்டமாட்டார். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று ஒரு வரி வைத்திருந்தார். அவருக்கு அது முதல் சொத்து. அவருடைய அப்பா தோட்டத்தில் நாற்பது வருடம் பால்மரம் வெட்டியும் தன் பெயரில் ஒரு கிராண்டு இல்லாமல் போனவர். அப்பாவின் பெயர் எழுதிய முதல் அரசாங்கக் கிராண்டு அந்தக் காடியுடையது. அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு, பெரியாண்டவர் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

'நம்ம நாட்டுக் காடி' என்று அவர் பாட்டியிடம் சொன்னது எவ்வளவு உண்மை? 2001இல் பெரோடுவாவின் உற்பத்திப் பிரிவில் டைஹாட்சுவுக்கு 41 விழுக்காடு, மிட்சுயிக்கு 10 விழுக்காடு போனது. பெரும்பான்மை ஜப்பானியர் கையில். 1998இலேயே டைஹாட்சுவின் பாதிக்கு மேல் டோயோட்டாவிடம் போயிருந்தது. 2016இல் மொத்தமும். ஒரு தாமான் வீட்டு வாசலில் நிற்கும் சருகுமானின் கயிறு கைமாறிக் கைமாறி டோயோட்டா வரைக்கும் போகிறது.

2023 ஏப்ரலில் முதல் செய்தி வந்தது. பக்கவாட்டு மோதல் சோதனைக்குப் போன கார்களின் முன்கதவு உள்பக்க உறையில் மட்டும், விற்கும் கார்களில் இல்லாத ஒரு வெட்டு போடப்பட்டிருந்தது. மோதும்போது உறை கூர்மையாக உடைந்து ஆளைக் குத்தாமல் இருப்பதற்காக. 88,000க்கும் மேற்பட்ட கார்கள். பட்டியலில் புதிய அக்ஸியாவும் இருந்தது. டிசம்பர் 20ஆம் தேதி மூன்றாம் தரப்புக் குழுவின் அறிக்கை வந்தபோது கணக்கு பெருத்திருந்தது. 64 மாடல்கள், 25 வகைச் சோதனைகள், 174 முறைகேடுகள். மிகப் பழையது 1989ஆம் ஆண்டுடையது. மோதலை உணர்ந்து தானாக விரிய வேண்டிய காற்றுப்பையை டைமர் வைத்து விரித்துச் சோதித்திருக்கிறார்கள். டைஹாட்சு எல்லா மாடல்களையும் வெளியே அனுப்புவதை நிறுத்தியது. ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை என்று நிறுவனம் சொன்னது. தலைவர் மாறினார், டோயோட்டாவிலிருந்து வேறொருவர் வந்தார்.

அறிக்கை காரணமாகச் சொன்னது எனக்கு எண்களைவிட முக்கியமாகப் பட்டது. 2011இல் மிரா இ:எஸ் என்ற மலிவான காரை மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கி வெற்றி கண்டார்கள். அந்த வேகமே பிறகு வழக்கமாகிவிட்டது. நாள் குறைந்தால் கடைசியில் வரும் சோதனைக்குத்தான் நாள் இருக்காது. முதல் மோதலிலேயே தேற வேண்டும், தோற்க அனுமதி இல்லை. 2014க்குப் பிறகு முறைகேடுகள் கூடின. மேலிடம் உத்தரவு போட்டதற்குச் சான்று இல்லை, ஆனால் நெருக்கடியில் இருந்த கீழ்மட்ட ஊழியர்கள் செய்தார்கள், மேலிடம் அந்த நெருக்கடியை உண்டாக்கியது என்பது அதன் சாரம். மலிவு விலைக்கு மலிவான பாதுகாப்புதான் கிடைக்கும் என்று சிலர் அப்போது என்னிடம் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1.4 மீட்டருக்குள் நாலு பேரை உட்கார வைக்கும் கணக்கை நேர்மையாகப் போட்ட கைகள் அந்தக் கம்பெனியில் இருந்தன. காலெண்டரைச் சுருக்கியது வேறு கை. வாங்கியவன் கேட்டது விலைக் குறைப்பை மட்டும்தான், பொய்யை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது அவர் ஓட்டுவது வீவா. கஞ்சில் எப்போதோ கைமாறிவிட்டது. பாட்டியும் போய்விட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்த ஒரு மழை நாளில்தான் பாட்டி அதில் முதலில் ஏறினார். வழி முழுக்க முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சாயவே இல்லை. இறங்கும்போது, "நனையல" என்று மட்டும் சொன்னார்.

அப்பா செய்தியை முழுக்கக் கேட்டார். 64, 174 எதற்கும் அவர் முகம் மாறவில்லை.

"இது எப்படி வெளிய வந்துச்சு?" என்று கேட்டார்.

"உள்ள இருந்த ஒருத்தர் புகார் கொடுத்திருக்கார்ப்பா. அதுக்கப்புறம்தான் தோண்டினாங்க."

"யாரு அவரு?"

"பேர் போடல."

"வேலைய விட்டு எடுத்திருப்பானுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, மழை வருவதற்குள் காடியைக் கூரைக்கு அடியில் தள்ளி நிறுத்தப் போனார்.