கட்டம் போட்ட சிவப்புக் கோட்டு

கோவையில் ஒரு பஞ்சாலையில் 34 வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பருத்தியை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட எனக்கு, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பாடம் கிடைத்தது.

அங்கே நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. சில ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. முதல் நாள் மாலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அப்பா காலத்துக் கோட்டு ஒன்றை வாசலில் உதறிக்கொண்டிருந்தார். சிவப்பும் கறுப்புமாகப் பெரிய கட்டம். "என்னிடமும் இதே இருக்கிறதே" என்று நான் போட்டிருந்த ஃபிளானல் சட்டையைக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இது பருத்தி. கடைத்தெருவுக்கு நல்லது, காட்டுக்கு ஆகாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவே உட்கார்ந்து அந்தக் கோட்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

கதை தொடங்குவது மிச்சிகனுக்குப் பக்கத்திலேயே, ஹூரான் ஏரியில் இருக்கும் செயின்ட் ஜோசப் தீவில். 1811-இல் அங்கிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு கேப்டன் சார்லஸ் ராபர்ட்ஸ் தலைவர். குளிர்காலம் நெருங்கியது, சிப்பாய்களுக்குக் கோட்டு வரவில்லை. பண்டகசாலையில் இருந்த கனத்த கம்பளிப் போர்வைகளை வெட்டிக் கோட்டு தைக்கச் சொன்னார். உள்ளூர்ப் பெண்கள் தைத்தார்கள். நீலப் போர்வை தீர்ந்துபோனதால் மீதியைச் சிவப்பு-கறுப்புக் கட்டத் துணியில் தைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த மெக்கினாக் ஜலசந்தியின் பெயராலேயே 'மெக்கினா கோட்டு' என்ற பெயர் நிலைத்தது. மறு வருஷம் ஜூலையில் இதே ராபர்ட்ஸ் சண்டையே இல்லாமல் அமெரிக்கரின் மெக்கினாக் கோட்டையைப் பிடித்தார்.

கட்டத்துக்குப் பூர்வீகம் ஸ்காட்லாந்து. ராப் ராய் மெக்கிரகர் பெயரால் வழங்கும் டார்டன் இதே சிவப்பு-கறுப்புக் கட்டம்தான். அமெரிக்காவில் இதைப் பரப்பியது பென்சில்வேனியாவின் உல்ரிச் கம்பளி ஆலை. இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் ரிச் 1830-இல் தொடங்கியது. மரம் வெட்டுகிறவர்களுக்குத் துணி விற்றுத் தொடங்கிய ஆலை, பின்னால் வேட்டைக்காரர்களுக்குக் கோட்டும் கால்சட்டையும் ஒரே கட்டத்தில் தைத்துக் கொடுத்தது. கேலியாக அதற்கு 'பென்சில்வேனியா டக்சீடோ' என்று பெயர். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு சூட்டு மாதிரி, காட்டுக்கு இது!

ஏன் கம்பளி? எங்கள் தொழில் கணக்கில் சொல்கிறேன். ஃபிளானலும் முதலில் கம்பளித் துணிதான், வேல்ஸ் நாட்டுச் சரக்கு. பருத்தி ஃபிளானல் பின்னால் வந்தது. நெய்த துணியை ரெய்சிங் மிஷினில் விட்டு மேலே பஞ்சு எழுப்புவார்கள். அந்தப் பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் கதகதப்பு. நனைந்தால் பஞ்சு படிந்துவிடும், காற்று போய்விடும், துணி உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும். கம்பளி இழை சுருள் சுருளானது. நனைந்தாலும் சுருள் முழுக்கப் படியாது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது.

வேட்டைக்காரர் பனியில் வியர்க்க நடந்து போய், பிறகு மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறார். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை அங்கே உயிருக்கே ஆபத்து. உடம்புச் சூடு இறங்கிச் செத்தவர்கள் உண்டு. இன்னொன்று, கம்பளி கிளையில் உரசினால் சத்தம் வராது.

நிறத்தில்தான் வேடிக்கை. மானுக்குச் சிவப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். பெரிய கட்டம் மனித உருவத்தின் ஓரத்தையும் உடைத்துக் காட்டும். ஆனால் இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியவேண்டும். மானுக்கு மறைவு, மனிதனுக்கு அடையாளம். ஒரே கோட்டு இரண்டு வேலையும் செய்தது.

இரண்டாவது வேலையில் ஒரு குறை இருந்தது. அந்தி வெளிச்சத்தில் சிவப்பு முதலில் கறுத்துப்போகும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு-பச்சை பேதமே தெரியாது. மான் என்று நினைத்து மனிதனைச் சுட்ட சம்பவங்கள் நடந்தன. 1960-களிலிருந்து மாநிலம் மாநிலமாக ஒளிரும் ஆரஞ்சு நிறத்தைக் கட்டாயமாக்கினார்கள். அதுவும் மானுக்கு மங்கல்தான், மனிதனுக்கோ தொலைவிலேயே தெரியும்.

மறுநாள் விடியுமுன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர் அப்பாவின் கோட்டைப் போட்டு, அதன்மேல் ஆரஞ்சுக் கையில்லாச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அப்பாவின் கம்பளியை விடவில்லை, அப்பா காலத்து ஆபத்தை மட்டும் விட்டுவிட்டார்.

என் ஃபிளானல் சட்டை இன்னும் இருக்கிறது. மார்கழி மாதம் கோவையில் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். அதற்கு அதைவிட நல்ல துணி கிடையாது.