ராணுவக்காரர் ஓட்டு: போகிற வழி நொடியில், திரும்புற வழி தபாலில்

பொட்டிபுரத்துல பிறந்து பட்டாளத்துக்குப் போன ஒருத்தர், ஐ.நா. அமைதிப் படையோட தெற்கு சூடான்ல இருக்கார்னு வச்சுக்குவோம். ஊர்ல சட்டமன்றத் தேர்தல். அவர் ஓட்டு போடிநாயக்கனூர் தொகுதியில. எப்படிப் போடுவார்?

உரிமை புதுசு இல்லை. படைவீரர் எங்கே பணியில் இருந்தாலும் சொந்த ஊர்லயே வசிப்பவராகக் கருதலாம்னு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்லிடுச்சு. வெளிநாட்டுல பணிபுரியும் மத்திய அரசு ஊழியருக்கும் இது பொருந்தும். இவங்களுக்குப் பேரு 'சேவை வாக்காளர்'.

சிக்கல் சட்டத்துல இல்லை, தூரத்துல இருந்தது. வேட்புமனுவை வாபஸ் வாங்குற நாள் முடிஞ்சாத்தான் வாக்குச்சீட்டு அச்சாகும். அதுக்கப்புறம் ஓட்டுப்பதிவுக்குச் சுமார் இரண்டு வாரம். சீட்டு முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, எண்ணிக்கை தொடங்குறதுக்குள்ள திரும்பி வரணும். ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் அந்த ஓட்டு செல்லாது.

2003-ல ஒரு மாற்று வழி வந்தது. படைவீரர் தன் தொகுதியில இருக்கிற ஒருத்தரைப் பதிலாளா நியமிக்கலாம். பதிலாளுக்கு மை வைக்கிறது இடது கை நடுவிரல்ல. ஆள்காட்டி விரல் அவரோட சொந்த ஓட்டுக்கு. ஆனா யாருக்குப் போடணும்னு இன்னொருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அவர் அப்படியே போட்டாரான்னு பார்க்கவும் வழியில்லை. ரகசிய வாக்கு அங்கேயே போச்சு.

பெரிய திருப்பம் 2016 அக்டோபர்ல. வாக்குச்சீட்டை இணையம் வழியா அனுப்ப விதி திருத்தப்பட்டது. அடுத்த மாசமே புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தல்ல அது நடைமுறைக்கு வந்தது. முகாம்ல கடவுச்சொல் போட்டுச் சீட்டைத் திறந்து, அச்செடுத்து, குறி போட்டு, உறையில வச்சுத் தபால்ல அனுப்பணும். எண்ணும்போது க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணி, அதே ஓட்டு இரண்டு தடவை வரலையேன்னு சரிபார்ப்பாங்க. 2019 மக்களவைத் தேர்தல்ல 18 லட்சத்துக்கும் மேற்பட்ட சேவை வாக்காளர்கள்ல 10.84 லட்சம் பேரோட சீட்டு திரும்பி வந்தது. சுமார் 60 சதவீதம்.

இன்னொரு குறையும் இருந்தது. வீரரோட மனைவி சேவை வாக்காளர் ஆகலாம். பெண் அதிகாரியோட கணவர் ஆக முடியாது. 2021 திருத்தம் 'மனைவி'ங்கிற சொல்லை 'வாழ்க்கைத்துணை'னு மாத்தினது.

ஆக, நம்ம பொட்டிபுரத்துக்காரருக்குச் சீட்டு நொடியில போயிடும். அவர் குறி போட்ட காகிதம் போடித் தொகுதி தேர்தல் அதிகாரி கைக்கு வர்றது மட்டும் இன்னும் தபால் பையிலதான். இதுவரை பாதி தூரத்தைத்தான் குறைச்சிருக்கோம்.