உரிமம் கேட்காத அலைவரிசை

பழைய லேப்டாப் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால், எஃப்சிசி என்ற மூன்றெழுத்தை ஒட்டி இரண்டு நிபந்தனைகள் தென்படும். இந்தக் கருவி பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது முதலாவது. பிறவற்றால் தனக்கு வரும் இடைஞ்சல் எதுவானாலும், அதனால் தன் வேலையே கெட்டாலும், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. வாங்குகிறவர்கள் யாரும் இதைப் படிப்பதில்லை. ஆனால் 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, இன்னிக்கு வைஃபை வரல' என்று சர்வீஸ் கடைக்கு வந்து சேரும் பல புகார்களின் வேர் அந்த இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது.

அதன் வரலாறு அடுப்பிலிருந்து தொடங்குகிறது. ரேடாருக்காகச் செய்த மேக்னட்ரான் குழாய் உணவையும் சூடாக்கும் என்பதை ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் கண்டறிந்தார். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்புகள் குடியேறியது அங்கேதான். அடுப்புகள் கசியவிடும் இரைச்சலுக்கு நடுவே செய்தி அனுப்ப யாருக்கும் ஆர்வம் இல்லை. குப்பைப் பட்டை என்றே பொறியாளர்கள் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

அந்தக் குப்பையில் வாய்ப்பைக் கண்டவர் மைக்கேல் மார்கஸ். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் பொறியாளர். ராணுவம் பயன்படுத்திவந்த ஒரு முறை அவருக்குத் தெரியும்: செய்தியை ஒரே அலைவரிசையில் குவிக்காமல் அகலமாகப் பரப்பி அனுப்பினால், இரைச்சலுக்கு நடுவிலும் அது பிழைத்துக்கொள்ளும். இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று ஆணையத்துக்குள் அவர் வாதாடினார். ஏற்கெனவே அலைவரிசை வைத்திருந்த நிறுவனங்கள் எதிர்த்தன. இருந்தும் 1985 மே 9 அன்று ஆணையம் அனுமதித்தது. 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில், ஒரு வாட்டுக்கு மிகாமல், உரிமம் வாங்காமலேயே யாரும் ஒலிபரப்பலாம். இணையத்தின் வரலாற்றில் இவ்வளவு தாராளமான அரசாங்க முடிவுகள் அதிகமில்லை.

கிராமத்து மேய்க்கால் புறம்போக்கைப் போன்றது அது. யாரும் மாட்டை ஓட்டி வரலாம். பக்கத்து வீட்டு மாடு மேய்கிறதே என்று யாரும் வழக்குப் போட முடியாது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் வைஃபை கண்ட வெற்றி, அது தரும் தொல்லை இரண்டுக்கும் இதுவே காரணம்.

கம்பியில்லாமல் கணினிகளை இணைப்பது அதற்கு முன்பே நடந்திருந்தது. நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே வானொலி அலை வழியாக அலோகாநெட் என்ற வலையமைப்பை ஓட்டினார்கள். ஆனால் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது கல்லாப்பெட்டி. பெரிய கடைகளில் கவுன்ட்டரை இடம் மாற்றும்போதெல்லாம் பில் போடும் இயந்திரத்துக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவைத் தவிர்க்க நினைத்த என்சிஆர் நிறுவனம், நெதர்லாந்தில் இருந்த தன் பொறியியல் மையத்திடம் வேலையைக் கொடுத்தது. விக் ஹேஸ், புரூஸ் டச் என்ற இரு பொறியாளர்கள் அதை மேலே எடுத்துச் சென்றார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழியில் பேசும் கருவிகளைச் செய்துகொண்டிருந்ததால், பொதுத் தரம் ஒன்றை உருவாக்க ஐஇஇஇ அமைப்பு 1990இல் 802.11 என்ற குழுவை அமைத்தது. ஹேஸ் அதன் தலைவர். தொழில்நுட்பத் தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்காரவைத்து அதைச் சாதிக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1997இல் வந்த முதல் தரத்தின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் வந்த 802.11பி அதை 11 ஆக்கியது.

சுவர்களும் ஒரு பெரிய சிக்கலாக இருந்தன. ஒரே அலை சுவரில், பீரோவில், தரையில் பட்டுப் பல வழிகளில் எதிரொலித்து, வெவ்வேறு நேரத்தில் வந்து குழம்பும். வேகம் கூடக் கூடக் குழப்பமும் கூடும். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார்கள். வெடிக்கும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய வானொலித் துடிப்புகளை ஓ'சல்லிவன் முன்பு தேடியவர். துடிப்பு அகப்படவில்லை. வழியில் சிதைந்து வரும் அலையைச் சீராக்கும் கணிதம் மட்டும் கையில் தங்கியது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வழக்குகளுக்குப் பிறகு நிறுவனங்கள் கொடுத்த தொகை 43 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது.

மடிக்கணினிக்குள் வைஃபை நுழைந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். 1999 ஜூலை 21, நியூயார்க். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் கணினியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, அப்படியே கையில் தூக்கிக்கொண்டு மேடையில் நடந்தார். வயர் எதுவும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்துக்குள் கணினியை நுழைத்து எடுத்தார். ஏர்போர்ட் என்ற அந்தக் கார்டின் விலை 99 டாலர். வீட்டில் வைக்கும் நிலையம் 299 டாலர். கார்டுக்குள் இருந்தது என்சிஆரின் அந்த டச்சு மையம் லூசன்ட் நிறுவனத்தின் கைக்குப் போனபின் வந்த தொழில்நுட்பம்.

அதுவரை கார்டை லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகவேண்டும். ஆன்டெனா வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஐபுக் ஆன்டெனாவைக் கூட்டுக்குள்ளேயே பதித்தது. பிறகு வந்த லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் விளிம்பில் ஒளிந்திருக்கிறது. மெல்லிய வயர்கள் இரண்டும் கீல் வழியாக இறங்கிக் கார்டில் மாட்டியிருக்கும். கீல் உடைந்து சரிசெய்தபின் ரூட்டர் பக்கத்தில் மட்டும் சிக்னல் வருகிறது என்றால், மெக்கானிக் முதலில் பார்க்கவேண்டியது அந்த வயர்களைத்தான்.

2003 மார்ச் 12 அன்று இன்டெல் சென்ட்ரினோவை வெளியிட்டது. பிராசஸர், சிப்செட், வயர்லெஸ் கார்டு மூன்றும் இன்டெலுடையதாக இருந்தால்தான் அந்த ஸ்டிக்கர் ஒட்ட முடியும். 30 கோடி டாலர் விளம்பரத்தோடு வந்த அந்த ஸ்டிக்கர், வைஃபையை லேப்டாப்பின் கட்டாய உறுப்பாக்கியது.

கூடவே சுவிட்சும் பரவியது. விமானத்தில் வானொலிக் கருவிகளை அணைக்கச் சொல்வார்கள். பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால் லேப்டாப்பின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ தள்ளும் சுவிட்ச் ஒன்றை வைத்தார்கள். பைக்குள் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். வைஃபை போய்விட்டதென்று விண்டோஸையே அழித்துப் போட்ட பிறகும் வராமல், கடைசியில் விரல்நுனியில் சரியான கதைகள் சர்வீஸ் கடைகளில் ஏராளம். காரணம் எளிது. அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றின் 52 தொடுமுனைகளில் இருபதாவது, ரேடியோவை அணைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சுவிட்ச் அந்த முனையில் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிட்டால், எந்த மென்பொருளாலும் ரேடியோவை எழுப்ப முடியாது. சுவிட்ச் பழுதான கணினியில் அந்த முனைமேல் மெல்லிய டேப் ஒட்டிச் சமாளித்தவர்களும் உண்டு.

பிறகு சுவிட்சின் இடத்துக்கு எஃப்என் விசை வந்தது. அதிலும் பொது உடன்பாடு ஏற்படவில்லை. டெல்லின் பல மாடல்களில் எஃப்2, எச்பியில் எஃப்12, திங்க்பேட் சிலவற்றில் எஃப்8. உலகம் முழுதும் ஒரே தரத்தில் பேசும் கருவிக்கு, அதை ஆன் செய்யும் பொத்தானில் மட்டும் ஒற்றுமை இல்லாமல் போனது தொழில்துறையின் அலட்சியம். 2012இல் விண்டோஸ் 8 விமானப் பயன்முறையை மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க விமானத் துறையும் பயணத்தின்போது சிறு கருவிகளுக்கான விதியைத் தளர்த்தியது. தள்ளும் சுவிட்ச் மெல்ல மறைந்தது.

மென்பொருளின் கதையும் சண்டையில்தான் தொடங்கியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, வைஃபையைத் தானே கண்டுபிடித்து இணைக்கும் வசதியோடு வந்தது. கார்டு தயாரிப்பாளர்களோ ஆளுக்கொரு புரோகிராம் கொடுத்தார்கள். ஒரே கார்டுக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று இணைக்க, மற்றொன்று துண்டிக்கும். எக்ஸ்பியின் இன்னொரு குணத்தால் விமான நிலையங்களில் 'ஃப்ரீ பப்ளிக் வைஃபை' என்ற பெயர் ஒன்று உலாவியது. அதில் இணையமே இருக்காது. அது வேறொரு பயணியின் லேப்டாப். அதில் இணைந்தவரின் கணினியும், தெரிந்த இணைப்பு எதுவும் கிடைக்காதபோது, அதே பெயரை ஒலிபரப்பத் தொடங்கும். இப்படித் தொற்றிப் பரவியதை 2008இல் வந்த சர்வீஸ் பேக் 3 சரிசெய்தது.

கடவுச்சொல்லின் வரலாறு இன்னும் கசப்பானது. முதலில் வந்த வெப் (WEP) என்ற பூட்டு முறையின் ஓட்டையை 2001இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அம்பலப்படுத்தினார்கள். 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 என்று பூட்டுகள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய லேப்டாப்கள் வெளியே நின்றன. கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், ரூட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும்.

போனில் தெரியும் வைஃபை லேப்டாப்பில் மட்டும் தெரியாமல் போவதற்கும் பின்னணி உண்டு. 2.4 பட்டையில் அமெரிக்காவில் 11 சேனல், இந்தியாவில் 13. அமெரிக்க அமைப்போடு வந்த கார்டுக்கு 12, 13 கண்ணில் படாது. ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால், 2.4 மட்டுமே அறிந்த மலிவான கார்டும் அப்படியே விழிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாயங்காலம் வேகம் படுத்துவிடுவது வேறு. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் மற்றவை பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசும். 2.4 பட்டையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான்.

லினக்ஸ் பயனர்கள் பட்ட பாடு தனி. பிராட்காம் நிறுவனம் தன் சிப்களின் உள்விவரத்தைத் தர மறுத்ததால், தன்னார்வலர்கள் அதன் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்தே புதிய டிரைவர் எழுதினார்கள். வேறு சிலர் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓடவைக்க என்டிஐஎஸ்ராப்பர் என்ற கருவியைச் செய்தார்கள். 2010 செப்டம்பரில்தான் அந்த நிறுவனம் திறமூல டிரைவரை வெளியிட்டது. சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு இன்றைய பயனர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

எல்லாம் சரி, ஆனால் 'இணையம் இல்லை' என்று மஞ்சள் முக்கோணம் காட்டுகிறதா? 1993இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி முறைப்படி, ரூட்டர்தான் கணினிக்கு முகவரி தரவேண்டும். தராவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்துப் பழக்கம் இது. அந்த எண்ணைப் பார்த்தாலே முகவரி கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். விஸ்டா முதல் விண்டோஸ் இன்னொரு சோதனையும் செய்கிறது. மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து ஒரு சிறு உரைக்கோப்பை எடுத்துப் பார்க்கும். எதிர்பார்த்த சொற்கள் வந்தால் இணையம் உண்டு. வராவிட்டால், மற்ற தளங்கள் திறந்தாலும் இல்லை என்றே காட்டும்.

இந்தியாவில் 2.4 பட்டைக்கான உரிமத் தேவை 2005 ஜனவரியில் முழுமையாக நீங்கியது. அமெரிக்காவுக்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வைஃபை வழியாகப் போயிருந்தது. இணைப்பின் சொந்தக்காரர் விசாரணையை எதிர்கொள்ள நேர்ந்தது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது.

லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இந்த வரலாறு காட்டும் இடங்களை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சுவிட்ச் அல்லது எஃப்என் விசை, விமானப் பயன்முறை, டிரைவர், சேனல், பூட்டு முறை, முகவரி. கணினியின் தேதியும் சரியாக இருக்கட்டும்; தவறினால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். டிரைவர் இல்லை, அதை இறக்க இணையமும் இல்லை என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். அதில் இணையம் வந்துவிட்டால் கார்டு நன்றாகவே இருக்கிறது. பார்க்க வேண்டியது ரூட்டரை, கார்டை மாற்றப் பணம் கொடுக்காதீர்கள்.