கை பேசினால் வாய் மூடிக்கொள்ளுமா?



எங்கள் தேனிப் பக்கம் மாட்டுச் சந்தையில், துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவார்கள். ஊர்ப்பக்கம் வளர்ந்த பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வியாபாரம் முடிந்துவிடும். விரலால் பேசிப் பேசி எந்தத் தரகருக்கும் வாய் அடைத்துப் போனதில்லை. ஆனால் பேச்சு வராத ஒரு குழந்தைக்குச் சைகை சொல்லிக் கொடுக்கலாம் என்றால் மட்டும், "கையைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை வாயையே திறக்காது" என்று பயப்படுகிறோம். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பாரிஸ் நகரில் 1760-களில் லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வழியாகவே பாடம் நடத்தினார். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்விக்கென ஒரு மாநாடு கூடியது. வந்தவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் பேச்சு முறையே வேண்டும் என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் சைகை வகுப்பறையை விட்டு வெளியேறியது. சில பள்ளிகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிக்கூட வைத்தார்கள். காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். கணக்கைச் சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டதுபோல் ஆயிற்று. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன.

நம் தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேய அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றும் மேல்நிலைப்பள்ளியாக நடக்கிறது.

ஆனால் இந்த வரலாறு முழுவதும் காது கேளாத பிள்ளைகளைப் பற்றியது. காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத பிள்ளைகள் இதில் எங்கே? நம் பேச்சு வழக்கில் 'செவிட்டூமை' என்று இரண்டையும் ஒட்டிச் சொல்லிவிடுவோம். சட்டமும் நெடுநாள் அவர்களைத் தனியாகப் பார்க்கவில்லை. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. பேச்சுக் குறைபாடு அதில் தனி வகையாக இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. அதில்தான் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனியாக இடம்பெற்றது.

சைகையைக் காது கேட்கும் பிள்ளைகளுக்கும் கொண்டு சென்றதில் முக்கியமானது 1970-களில் இங்கிலாந்தில் உருவான 'மக்கட்டன்' முறை. மார்கரெட், கேத்தி, டோனி என்ற மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. காது கேளாமையோடு கற்றல் குறைபாடும் உள்ள பெரியவர்களுக்காகத்தான் முதலில் தொடங்கினார்கள். பிறகு, காது கேட்டும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் அது பயன்பட்டது. இதில் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவதில்லை. முழு வாக்கியத்தையும் வாயால் சொல்லி, முக்கியமான சொல்லுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள். பிள்ளை இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

இது ஏன் உதவுகிறது? சில பிள்ளைகளுக்குச் சொல் மனதில் இருக்கும். நாக்கையும் உதட்டையும் வரிசையாக அசைக்க மூளையிலிருந்து போகும் கட்டளைதான் தடுமாறும். கையசைவு பெரியது, கண்ணுக்குத் தெரிவது. பிள்ளையின் கையைப் பிடித்து நாம் வடிவம் காட்டலாம். நாக்கைப் பிடித்துக் காட்ட முடியாது. சைகை, பட அட்டை போன்ற மாற்றுவழிகள் பேச்சைக் கெடுக்கின்றனவா என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. நம்பகமான சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் நம் பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

என் சொந்த ஊர் ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்றது. அங்கே என் தங்கை பேரனுக்கு நான்கு வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. சைகை பழக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முதலில் மறுத்தார்கள். ஒருநாள் இரவெல்லாம் அழுதான். வயிறா, காதா, பல்லா என்று யாருக்கும் தெரியவில்லை. விடிந்து மருத்துவர் பார்த்தபிறகுதான் காது வலி என்று தெரிந்தது. அதன்பின் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி 'வலி' என்ற சைகையை முதலில் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு தண்ணீர், இன்னும், போதும், திராட்சை என்று கூடிக்கொண்டே போனது. இப்போது கையோடு சேர்த்து 'தண்ணி' என்பதில் பாதியாவது வாயிலும் வருகிறது. பிடிவாதமும் அழுகையும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

பேச்சு தாமதமாகும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். 'தானாக வரும்' என்று காத்திருக்க வேண்டாம். அவர் சைகை சொல்லிக் கொடுத்தால் தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் அதையே பழகுங்கள். 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களுடன் அகராதி வெளியிட்டது. 2021-இல் அது 10,000 ஆனது. இணையத்தில் வீடியோவாகவே பார்க்கலாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூங்காவிலோ லிஃப்டிலோ ஒரு குழந்தை கையால் ஏதாவது சொன்னால், "வாயால சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். அது கேட்பதை, சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே கொடுங்கள். அந்தச் சொல் அதன் காதில் விழட்டும்.