கட்டுத்தரை விற்பனையும் ஏலமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாதல் நம்மவர் யாவரும் அறிந்ததே. பகைவர் ஆநிரையைக் கவர்தலும், இழந்த நிரையை மீட்டலும் புறப்பொருள் வெண்பாமாலையுள் வெட்சி, கரந்தை எனத் தனித்தனித் திணைகளாய் வகுக்கப்பட்டுள்ளன. கவர்தலையும் மீட்டலையும் இவ்வளவு விரித்துரைத்த நூலோர், கன்றை விற்றலும் கொள்ளலும் பற்றி அத்துணை விரிவாய்க் கூறினாரல்லர். நம் சங்கத்து அன்பர் பலர் கால்நடையாற் பிழைப்போராதலின், அதுபற்றி யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கன்றை ஏலத்திற் கூறி விற்கலாம். சந்தையிலே தரகர் வாயிலாக விற்கலாம். வாங்குவோனை நம் கட்டுத்தரைக்கே வரவழைத்து நேரில் விற்கலாம். இவற்றுள் ஏலத்திற்குப் பெயர்பெற்றது நம் அண்டை நாடாகிய மைசூராகும்.

மைசூரில் உடையார் மன்னர் காலத்தில் அரண்மனைப் பால் வெண்ணெய்க்கென வளர்க்கப்பட்ட ஆநிரைக்குப் பெண்ணெச் சாவடி என்று பெயர். சிக்கதேவராய உடையார் (1673–1704) அதனைப் பெருக்கினார். பின்னர் ஐதரலி அம்மாட்டினத்து எருதுகளைப் பீரங்கி இழுக்கவும் படைமூட்டை சுமக்கவும் பயன்படுத்தினான். 1781-இல் கும்பினிப் படை சிதம்பரத்தைத் தாக்கியபோது, அவன் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து அவ்வூரைக் காக்க வந்தது இவ்வெருதுகளின் வலியாலே என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அமிருதமகால் என்னும் பெயரை இட்டவன் அவன் மகன் திப்பு சுல்தான். அந்நிரைக்கென்றே நாடெங்கும் காவல் என்னும் மேய்ச்சல் நிலங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆநிரையும் கும்பினியார் வசமாயிற்று.

இனி நடந்ததே நாம் கருதற்குரியது. 1860-இல் சென்னைத் துரைத்தனத்தார், செலவைச் சுருக்குவதே நோக்கமாக அந்த இலாகாவைக் கலைத்து மாடுகளை விற்றுவிட்டனர். இருநூறாண்டு தெரிந்தெடுத்துப் பெருக்கிய இனம் கணக்கேட்டில் ஒரு வரவாக முடிந்தது. பீரங்கி இழுக்க அத்தகைய எருது வேறெங்கும் கிடையாதென்பது விரைவில் விளங்கவே, 1866-இல் மீண்டும் அந்நிரையைத் திரட்டத் தொடங்கினர். விற்பது எளிதாயிருந்தது, சிதறியதைக் கூட்டுவது அரிதாயிருந்தது. 1880-களில் அது மைசூர் அரசின் கைக்கு வந்தது. இன்றும் சிக்கமகளூர்ச் சீமையைச் சேர்ந்த அஜ்ஜம்புரத்துப் பண்ணையில் காளைக்கன்றுகள் ஏலத்திலேயே விற்கப்பட்டு வருகின்றன.

ஏலத்தை யான் இகழ்கின்றேனல்லேன். அரசாங்கத்துப் பொருளை அதிகாரி தன் உறவினனுக்கு மறைவாய்க் கொடுத்துவிடாதபடி காப்பது ஏலமே. பலர் அறியக் கூறப்படும் விலையில் ஒளிவில்லை. ஆயினும் ஏலத்தில் விற்போனுக்கு ஓர் உரிமை இல்லை. இன்னானுக்குக் கொடேன் என்று சொல்லும் உரிமை அது. மிகுதியாய்க் கேட்டவன் எவனோ அவனே கொண்டுசெல்வான். அவன் உழுபவனா, அறுப்பவனா, வாங்கி மறுவாரமே கைமாற்றுபவனா என்று ஏலமணியம் கேட்பதில்லை.

வாங்குவோன் பக்கத்தும் ஒரு குறையுண்டு. காங்கேயக் கன்று பிறக்கும்போது செவலையாயிருக்கும். ஏறக்குறைய ஆறு திங்களில் அச்செம்மை மாறிச் சாம்பல் நிறம் தோன்றும். காளையாய் முதிருங்கால் திமிலிலும் கழுத்திலும் தொடைகளிலும் கருமை ஏறும். ஆகவே இளங்கன்றை வாங்குகிறவன் கண்முன் நிற்பதை மட்டும் வாங்குகின்றானல்லன். இனி ஆகப்போவதை வாங்குகின்றான். பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியும். சுழியைப் பார்த்தால் மனம் ஆறும். கன்று என்னாகும் என்பதைக் காட்டுவதோ தாய்ப்பசு. அது கட்டுத்தரையில் நிற்கிறது, ஏலத்திடலில் இல்லை.

காங்கேய நாட்டார் இதனை நன்கு உணர்ந்தவர். கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காட்டிலே மாட்டை அடைத்து வளர்ப்பது அவர் வழக்கம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் ஆநிரை இவ்வினத்துக்கே முதன்மையானதெனப் புகழ்பெற்றிருந்தது. இன்ன காளைக்கு இன்ன பசு ஈன்றது என்று சொல்லத்தக்க தொழுவத்தில், கன்றுக்கு அச்சொல்லும் சேர்ந்தே விலையாகும்.

இனிச் சந்தைத் தரகைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். துண்டினுள் கைவிட்டு விரல்களைப் பற்றி விலைபேசும் வழக்கத்தை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எந்தையார் இரண்டு காளைக்கன்றுகளை ஒரு சந்தைக்கு ஓட்டிச்சென்றார். யானும் உடன் சென்றேன். தரகர் எந்தையார் விரலைத் துண்டுக்குள் பிடித்தார். பின் அப்பாற் சென்று வாங்குவோர் விரலைப் பிடித்தார். இருமுறை போய்வந்தபின் பணம் எங்கள் கைக்கு வந்தது. ஓராண்டு கழிந்தபின் ஒரு தேர்த்திருவிழாவில் அவ்வாங்கியவரை எதிர்ப்பட்டோம். பேச்சினிடையே அவர் தாம் கொடுத்த தொகையைச் சொன்னார். எங்கள் கைக்கு வந்ததற்கும் அதற்கும் இடையே, அந்நாளில் எங்கள் வீட்டு ஆறு திங்கட் செலவு இருந்தது. எந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேருமளவும் என்னோடும் பேசவில்லை.

தரகர் யாவரும் இத்தகையரென்று யான் சொல்ல வரவில்லை, நல்லோரையும் கண்டிருக்கிறேன். மறைந்த விலையே அங்குக் குற்றமாயிற்று. வீட்டில் விற்பதிலும் அக்குற்றம் நுழையலாம்: ஊர்விலை அறியாத ஏழையின் கட்டுத்தரைக்கு வியாபாரி வந்து நின்றால், அவன் சொன்னதே விலையாகிவிடும். இதற்கு மருந்து ஏலத்தினிடத்தே கற்கத்தக்கது. அஃதாவது விலையைப் பலரறியச் செய்தல். பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேய மாடுகளுக்கெனக் கூடும் சந்தையில் எவ்வளவுக்கு எது விலைபோயிற்று என்பது செய்தித்தாள்களில் அடிக்கடி வெளிவருகிறது. அதனைப் படித்துவிட்டு வீட்டிலிருந்தே விலைசொல்லும் முதியோர் எங்களூரில் இன்று பலர். நம் சங்கத்தாரும் உறுப்பினர் விற்ற கன்றுகளின் வயதையும் விலையையும் திங்கள்தோறும் இவ்விதழிலேயே ஒரு பக்கத்தில் அச்சிடலாம். பெயர் வேண்டா, ஊர் ஒன்றே போதும்.

எந்தையார் அதன்பின் கன்றைச் சந்தைக்கு ஓட்டியதில்லை. வருவோரைக் கட்டுத்தரைக்கு அழைத்து, "முதல்ல தாயைப் பாருங்க, அப்புறம் விலை பேசிக்கலாமுங்க" என்பார். ஒருமுறை இருவர் வந்தனர். மிகுதியாய்க் கேட்டவர் தாயைத் திரும்பியும் பாராமற் கன்றின் எடையை மட்டும் கண்ணால் அளந்தார். மற்றவரோ தாயின் மடியையும் குளம்பையும் பார்த்து, கன்று எந்தக் காளைக்குப் பிறந்ததென்று வினவினார். அவருக்கே கொடுத்தார் எந்தையார். அதனால் நட்டம் ஐந்நூறு ரூபாய் என்று என் தாயார் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே மனிதர், எங்கள் பசு ஈன்றதா என்று கேட்டு வந்தார்.