மாணவர் தேர்ச்சி அறிக்கை (தமிழ்நாடு)

பிள்ளை பள்ளிக்கு எத்தனை நாள் வந்தது, என்ன கற்றது, எந்தப் பாடத்தில் தேறியது, எதில் பின்தங்கியது என்பதைப் பெற்றோருக்கும் கல்வித் துறைக்கும் தெரிவிக்கும் ஆவணம். பேச்சு வழக்கில் ரேங்க் கார்டு அல்லது பிராக்ரஸ் ரிப்போர்ட். இதன் வரலாற்றில் பெரும்பகுதி மேலிடத்துக்குக் கணக்கு ஒப்பித்த வரலாறுதான். பெற்றோருக்குச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று சட்டம் எழுதிவைத்தது 2009-இல்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் தனி அறிக்கை தேவைப்படவில்லை. பிள்ளைகள் உரக்கச் சொல்லும் வாய்ப்பாடு தெருவுக்கே கேட்கும். யார் தடுமாறுகிறார் என்பது ஊருக்குத் தெரியும். முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை மட்டும் அப்போதே இருந்தது. சென்னை மாகாணத்தின் பல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823-இல் எழுதிய அறிக்கையில் அதைக் காணலாம். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை என்று ஒரு சுழியம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அடுத்தடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடும். அந்த அறிக்கை, ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்புக்காக எழுதப்பட்டது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. படிக்கும் பிள்ளைகளை அரசு எண்ணியது. அவர்கள் கற்றதை அளக்கும் எண்ணம் இன்னும் வரவில்லை.

எழுத்தில் பதியும் வழக்கம் அதற்கு முன்பே எழும்பூரில் தொடங்கியிருந்தது. அங்கிருந்த இராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தருவதையும் திண்ணைப் பள்ளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவற்றோடு அன்றாடப் பாடக் கணக்கையும் குற்றங்களுக்கென ஒரு கறுப்புப் புத்தகத்தையும் சேர்த்தார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்துக்கும் போனது.

1860-களில் இங்கிலாந்தைப் பின்பற்றி, ஆய்வாளர் நடத்தும் தேர்வில் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் தரும் முறை இங்கும் வந்தது. ஆசிரியரின் பிழைப்பே தேர்ச்சிப் பட்டியலில் தொங்கியது. மனப்பாடம் வேரூன்ற இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழான எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளங்கள் ஆகியவற்றோடு பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களும் ஏறின. வேலைக்கு விண்ணப்பிப்பவர் ஆயுள் முழுக்கப் பாதுகாத்த நூல் அது.

வீட்டுக்கு வந்த ரேங்க் கார்டு அளவில் சிறியது, மடித்த அட்டை. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு எனக் கட்டங்கள். 35-க்குக் கீழே போன மதிப்பெண்ணின் அடியில் சிவப்பு மைக் கோடு. மொத்தம், சராசரி, ரேங்க், வருகை நாட்கள். கீழே வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் கையொப்பம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அந்தக் கட்டத்தில் கைநாட்டு வைத்தார். பல வீடுகளில் அட்டையைப் படித்துச் சொன்னது படித்த அக்கா, இல்லையென்றால் அந்த அட்டைக்குரிய பிள்ளையே. பிள்ளைக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று எழுத அதில் இடமே இருந்ததில்லை. பெற்றோர் பார்த்தார் என்பதற்குச் சாட்சி வாங்கியதே தவிர, அவருக்குப் புரிந்ததா என்று அட்டை கேட்கவில்லை.

மாற்றம் தொடக்க வகுப்புகளிலிருந்து வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை கற்றல் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்பது சுவரிலிருந்த அடைவு அட்டவணையில் தெரிந்தது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை. 2017 முதல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. பிள்ளைகளின் மன அமைதிக்காக எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் இதற்கு முதல் இடம் தரலாம்.

கொரோனா காலம் வீட்டோடு முடிந்துபோகும் மதிப்பெண்களைப் பொதுத்தேர்வின் இடத்தில் வைத்தது. 2020-இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுக்கப்பட்டன. 2021-இல் பிளஸ் டூ மாணவருக்குப் பத்தாம் வகுப்பு 50, பிளஸ் ஒன் 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று கூட்டினார்கள். அரையாண்டுதானே என்று அசட்டையாக எழுதிய பிள்ளைக்கு அதுவே சான்றிதழாயிற்று.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வதை ஆசிரியரின் கடமையாக்கியது. அது நடைமுறையில் எப்படி ஆகிறது என்று பார்க்க, சென்னைப் புறநகரான மேடவாக்கம் பொருத்தமான ஊர். அரசுப் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. மூன்றும் இங்கே அருகருகே இருக்கின்றன. தனியார் பள்ளியில் அறிக்கை செல்போன் செயலியில் வந்துவிடுகிறது. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அரசுப் பள்ளியில் எமிஸ் எனும் கல்வித் துறைத் தகவல் தளத்தின் எண், வருகைப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கென 2022-இல் தொடங்கிப் பின்னர் ஐந்தாம் வகுப்பு வரை விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகிறார்கள். "உங்க பொண்ணு இப்ப மொட்டு, இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுது" என்று டீச்சர் சொன்னால், எழுத்தறியாத தாய்க்கும் நிலை விளங்கும்.

பக்கத்திலுள்ள பெரும்பாக்கம் குடியிருப்புகளில், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் பழைய இடத்துக்கே பஸ் ஏறும் பெற்றோர் அங்கே பலர். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், அவர்கள் அன்றைய கூலியை விட்டுத்தான் வர வேண்டும். 24-ஆம் பிரிவின் கடமை அங்கே நிறைவேற, கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ நடக்க வேண்டும். அறிக்கையை ஆசிரியரே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.